சமீபத்தில் பார்த்த ஆக்‌ஷன், த்ரில்லர் படங்கள்: எதில் அடி வலித்தது?

மாலைக்காட்சி:

எல்லோருக்கும் வணக்கம். விடுமுறை கிடைத்ததில் பத்து நாளில் மூன்று படம் பார்த்துவிட்டேன். இந்தியில் வந்த 'கில்', இந்தோனேசியாவின் 'தி ரெய்ட்', அப்புறம் மூன்றாவது தடவையாக நம்ம 'கைதி'. மூன்றிலும் இடம் சின்னது. ஓடும் ரயில், ஒரு அடுக்குமாடிக் கட்டிடம், ஒரு லாரியும் ஒரு கமிஷனர் அலுவலகமும். வெளியே தப்பித்துப் போக வழி இல்லாத கதைகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம்.

'கில்' பற்றி முதலில். நிகில் நாகேஷ் பட் இயக்கியது. 2023-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள், நம் தியேட்டர்களுக்கு 2024 ஜூலையில் வந்தது. ராஞ்சியிலிருந்து டெல்லி போகும் ராஜதானி. கதாநாயகன் லக்‌ஷ்யா ஒரு கமாண்டோ. ஒரு பெரிய கொள்ளைக் கூட்டம் ரயிலில் ஏறுகிறது. இதுவரை நாம் பலமுறை பார்த்த கதைதான். ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க ஒரே குடும்பம். அப்பா, மகன், சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் தம்பிகள். ஒருவன் செத்து விழும்போது இன்னொருவன் ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறான்.

நான் படம் பார்க்க ஆரம்பித்து முப்பது வருஷம் இருக்கும். செத்துப்போன அடியாளுக்காக இன்னொரு அடியாள் அழுது இப்படி நான் பார்த்ததில்லை. அடியாள் என்றால் வருவான், அடி வாங்குவான், பறந்து போய்த் தள்ளுவண்டிமேல் விழுவான், அதோடு அவனை மறந்துவிடுவோம். இந்தப் படத்தில் மறக்க விடவில்லை.

படத்தின் பெயரே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரையில் வருகிறது. அதுவரை அவன் அடித்துச் சாய்க்கிறான். ஒரு இழப்புக்குப் பிறகு கொல்ல ஆரம்பிக்கிறான். அந்த இழப்பு என்ன என்று சொல்லவில்லை, பார்க்காதவர்கள் பாருங்கள்.

என் கேள்வி இதுதான். நீங்கள் சமீபத்தில் பார்த்த படங்களில், திரையில் விழுந்த அடி உங்களுக்கும் வலித்தது எதில்? கதையை உடைக்கிறீர்கள் என்றால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.


வைகைக்கரை:

அண்ணா, 'கில்' நானும் பார்த்தேன். தீயணைப்புக் கருவியால் அடிக்கும் இடத்தில் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் முடியவில்லை. வலிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள், சரி. ஆனால் நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு ராத்திரி படத்துக்குப் போகிறவன் வலியைத் தேடியா போகிறான்? ஹை ஸ்பீடில், அதாவது ஸ்லோ மோஷனில், ஹீரோ திரும்பிப் பார்க்கும்போது எண்ணூறு பேர் ஒன்றாக விசில் அடிக்கிறோமே, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் போகிறோம். 2022-இல் 'விக்ரம்' முதல் நாள் மதுரையில் பார்த்தேன். இடைவேளை விட்டபோது முன்பின் தெரியாதவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.


சிலம்பம்85:

'தி ரெய்ட்' பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கம்பு சுற்றுகிறேன், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்தப் படத்தைக் குறைந்தது ஏழெட்டு முறை பார்த்திருப்பேன்.

2011-இல் வந்தது. இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். இந்தோனேசியாவின் பென்சாக் சீலட் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில்தான் இகோ உவைஸைப் பார்த்திருக்கிறார். அவர் அப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து முதலில் 'மெரந்தாவ்' எடுத்தார்கள், பிறகு இது. சண்டை வடிவமைப்பும் இகோ உவைஸும் யயான் ருஹியனும் செய்ததுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கையைப் பார்ப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் காலைப் பார்ப்போம். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் காலடிதான் சொல்லிக் கொடுப்போம். கால் சரியாக விழவில்லை என்றால் வீச்சில் பலம் இருக்காது. இந்தப் படத்தில் கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது, முழங்கை எங்கிருந்து வருகிறது என்று எல்லாம் தெரிகிறது. கேமரா அவர்களின் உடம்பு முழுவதையும் காட்டுகிறது. அடி எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால்தான் அது போய்ச் சேரும்போது நமக்கு உறைக்கும்.

இன்னொன்று, மூச்சு. உண்மையான சண்டையில் இரண்டு நிமிடத்தில் ஆள் களைத்துவிடுவான். கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து 'மேட் டாக்' என்பவனோடு மோதும் சண்டையைப் பாருங்கள். யயான் ருஹியன் உருவத்தில் சின்ன மனிதர். துப்பாக்கியை வைத்து முடித்துவிடலாம் என்ற நிலையிலும் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மோதுகிறவன். அந்தச் சண்டை நீள நீள இகோவின் தோள் தொங்குகிறது, அடி தாமதமாக வருகிறது. களைப்பைக்கூடச் சண்டைக்குள் வைத்திருக்கிறார்கள். நம் படங்களில் நாற்பது பேரை அடித்த பிறகும் ஹீரோவின் சட்டைக் காலர் நேராக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஒட்டுவதில்லை.


மூவியோலா:

சிலம்பம் அண்ணன் சொன்னதையே எடிட்டிங் மேசையிலிருந்து சொல்கிறேன். வடபழனியில் ஆறு வருஷம் எடிட்டிங் உதவியாளனாக இருந்தேன். சண்டைக்காட்சியின் ரஷ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள், வந்து விழும்போது பார்த்தால் புரியும், முக்கால்வாசி அடி ஆள்மேல் படுவதே இல்லை. கைக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். கேமராவை அடி வாங்குபவரின் முதுகுப் பக்கம் வைத்து அந்த இடைவெளியை மறைப்பார்கள். வாங்குபவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்ப வேண்டும். அடியை நம்ப வைப்பது அந்த ரியாக்‌ஷன்தான். அடிக்கும் ஹீரோவைவிட அடி வாங்கும் ஃபைட்டருக்குத்தான் வேலை அதிகம்.

டைமிங் ஒரு நொடி தவறியிருந்தால் எங்களிடம் வரும். ஒரு அடியை மூன்றாக வெட்டுவோம். கை கிளம்புவது, முகம் திரும்புவது, ஆள் விழுவது. அப்புறம் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசையும் ஒலியும் சேர்க்கும் வேலை, போகும்போது மேலே ஒரு பெரிய சத்தம். பார்ப்பவருக்கு ஏதோ பலமாக நடந்தது என்று தெரியும், என்ன நடந்தது என்று தெரியாது. இப்படி நானே நூற்றுக்கணக்கான அடிகளை ஒட்டியிருக்கிறேன்.

அதற்காக வேகமாக வெட்டுவதே தப்பு என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' இரண்டு மணி நேரப் படம், அதில் ஏறக்குறைய 2,700 வெட்டுகள். ஆனால் ஒரு இடத்தில்கூட நமக்கு வழி தவறாது. காரணம், எல்லா ஷாட்டிலும் முக்கியமான விஷயத்தைச் சட்டகத்தின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள். வெட்டு மாறும்போது கண் அலைய வேண்டியதில்லை. எடிட்டர் மார்கரெட் சிக்ஸல் அதற்கு முன் ஆக்‌ஷன் படம் வெட்டியவரே இல்லை. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். எத்தனை முறை வெட்டினோம் என்பதைவிட, வெட்டும் நேரத்தில் பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்று நினைத்தோமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதற்கு நேர் எதிர் தென்கொரியாவின் 'ஓல்ட்பாய்', 2003. நடைபாதைச் சண்டை முழுவதும் ஒரே ஷாட், பக்கவாட்டில் நகரும் கேமரா. அதை மூன்று நாள் எடுத்தார்கள், 17 டேக். நடிகர் உண்மையிலேயே ஓய்ந்துபோயிருப்பது திரையில் தெரியும்.

இடையில் ஒரு விஷயம். வீட்டு டிவியில் பார்க்கிறவர்கள் அமைப்பில் போய் மோஷன் ஸ்மூத்திங் என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாச் சண்டையும் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும்.


வைகைக்கரை:

அந்த டிவி விஷயம் இப்போதுதான் தெரிந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தேன், நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. நன்றி அண்ணா.


கொடைரோடு:

'கைதி' பற்றி யாரும் பேசவில்லையே. 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்த அதே அக்டோபர் 25-ஆம் தேதி வந்தது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே ராத்திரி. அன்றைக்கு எங்கள் ஊரில் 'பிகில்' டிக்கெட் கிடைக்காமல்தான் இதற்குப் போனோம். வெளியே வரும்போது நண்பர்கள் நாலு பேரும் பேசவே இல்லை, டீக்கடை போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

எனக்கு அதில் கார்த்தி செய்த கதாநாயகன் டில்லியைவிட நெப்போலியன்தான். ஜார்ஜ் மரியான் செய்த கான்ஸ்டபிள். மாற்றலில் வந்து அன்றைக்குத்தான் அந்த அலுவலகத்தில் சேருகிறார். உள்ளே சில கல்லூரி மாணவர்கள், வெளியே ஒரு பெரும் கூட்டம். மேசையையும் பீரோவையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். பயம் அவர் முகத்தில் இருந்துகொண்டே இருக்கிறது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.


மாலைக்காட்சி:

நெப்போலியன் பகுதி எனக்கும் உயிர். அந்தக் கதவு எப்போது உடையும் என்று காத்திருக்க வைத்ததுதான் த்ரில்லர். மூன்றாவது முறை பார்த்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். டில்லியின் கடந்த காலத்துக்கு ஃபிளாஷ்பேக் கிடையாது. கார்த்தி உட்கார்ந்து வாயால் சொல்கிறார், அவ்வளவுதான். பத்து வருஷம் ஜெயிலில் இருந்தவன், பார்த்தே இராத மகளைப் பார்க்கப் போகிறான். வேறொரு படமாக இருந்தால் அங்கே ஒரு பாட்டும் வயலும் வந்திருக்கும். அது இல்லாததால்தான் அவன்மேல் விழும் ஒவ்வொரு வெட்டும் அந்தப் பெண் குழந்தையிடமிருந்து அவனைத் தள்ளிப் போடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. முதுகில் குத்து வாங்கியவன் பிழைப்பானா என்ற கேள்வி மனதில் நிற்கிறது.

ஆனால் முடிவில் அந்தப் பெரிய இயந்திரத் துப்பாக்கி வந்ததும் எனக்குக் கொஞ்சம் விட்டுப்போனது. அதுவரை எண்ணி எண்ணி அடித்த படம், அந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டது. தம்பி வைகைக்கரை இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.


வைகைக்கரை:

ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ராத்திரி முழுக்க அடி வாங்கிய ஒருத்தனுக்கு அந்தத் துப்பாக்கி ஒரு விடியல் மாதிரி. தியேட்டரே எழுந்து நின்றது.


நிழல்நதி:

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போவேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது. நீங்கள் எல்லோரும் அடி வாங்குகிற ஆண்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். த்ரில்லரில் அடி வாங்குகிற பெண்களைப் பற்றி நான் கேட்கலாமா?

நான் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். 2018-இல் 'ராட்சசன்' பார்த்தேன். நன்றாக எடுத்த படம், அதில் சந்தேகமே இல்லை. ஜிப்ரானின் இசை இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பரிசுப் பெட்டி, அதற்குள் சிதைந்த பொம்மை, திரும்பத் திரும்ப. கடத்தப்படுகிற பிள்ளைகள் எல்லாம் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது. படம் விட்டு வந்து இரண்டு வாரம் பள்ளி வாசலில் ஆட்டோ நின்றாலே நம்பரைப் பார்த்தேன்.

அந்தப் படத்தில் ஒரு ஆசிரியர் பாத்திரம் வரும். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டி மாணவிகளைத் துன்புறுத்துகிறவர். அந்தப் பகுதி எவ்வளவு உண்மை என்று பள்ளியில் வேலை செய்கிற எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதைப் படம் சரியாகக் காட்டியது. அதற்காக இயக்குநர் ராம்குமாருக்கு நன்றி சொல்வேன்.

ஆனால் மற்ற பிள்ளைகள்? கதாநாயகனின் அக்கா மகள் அம்முவை நமக்குத் தெரியும். அவளுக்காக அழுதோம். மற்றவர்கள் யார், அவர்களுக்கு என்ன பாடம் பிடிக்கும், யாரோடு சண்டை போட்டார்கள், எதுவும் தெரியாது. கொலைகாரன் எப்படி இப்படி ஆனான் என்பதற்குச் சிறுவயதுக் கதை முழுதாகச் சொல்கிறார்கள். செத்துப்போன பிள்ளைக்கு இரண்டு நிமிடக் கதைகூட இல்லை. 'கில்' படத்தில் கொள்ளைக்காரனுக்கு அழ ஆள் இருக்கிறது என்று மாலைக்காட்சி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு தொடர்கொலைப் படங்கள் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.


கொடைரோடு:

டீச்சர், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எல்லாப் படமும் அப்படி இல்லை. 'மகாராஜா' பார்த்தீர்களா? 2024-இல் வந்தது, நித்திலன் சுவாமிநாதன் இயக்கம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். ஸ்டேஷனுக்குப் போய்க் குப்பைத்தொட்டியைக் காணோம் என்று புகார் கொடுக்கிற சலூன்காரர். அதை வைத்து என்னமாய்க் கதை சொல்லியிருக்கிறார்கள். அந்த முடிச்சு அவிழும்போது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.


நிழல்நதி:

பார்த்தேன் தம்பி. பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

அந்தப் படத்தில் வேறு வேறு வருஷங்களில் நடப்பவற்றை ஒரே காலத்தில் நடப்பதுபோல அடுக்கியிருக்கிறார்கள். கடைசியில்தான் அந்தச் சலூன்காரர் வளர்க்கும் ஜோதி யார் மகள் என்று தெரிகிறது. வில்லன் செல்வம் செய்த கொடுமை அவன் சொந்த மகளுக்கே நடந்தது என்று தெரியும்போது தியேட்டரில் எல்லோரும் அதிர்ந்தார்கள். நானும் அதிர்ந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது மனசு கசந்தது. வேறு யாருடைய மகளாக இருந்திருந்தால் அந்த அதிர்ச்சி இவ்வளவு இருந்திருக்காதா? அவன் மகள் என்பதால்தான் அது பெரிய பாவம் ஆகிறதா? ஒரு பெண் பிள்ளைக்கு நேர்ந்ததை அப்பனுக்குக் கொடுக்கும் தண்டனையாகக் கதை மாற்றிவிடுகிறது.


கொடைரோடு:

அதே படத்தில் ஜோதி அவன் எதிரே வந்து நின்று பேசுகிறாளே டீச்சர். ஒடுங்கி ஒரு மூலையில் உட்காரவில்லை. அவனை நேராகப் பார்த்துப் பேசுகிறாள். எனக்குப் படத்தில் பெரிய காட்சி அதுதான். விஜய் சேதுபதி அடிக்கிற எந்த அடியும் அதற்குச் சமம் இல்லை.


நிழல்நதி:

அந்தக் காட்சியை மறுக்கவில்லை. அந்தப் பெண் நன்றாக நடித்திருந்தாள். அந்த ஒரு காட்சியைப் போல அவளுக்கு இன்னும் நாலு காட்சி முன்னால் இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.


மாலைக்காட்சி:

நிழல்நதி அவர்களே, கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய படம் ஒன்று இருக்கிறது. தென்கொரியாவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003. போங் ஜூன்-ஹோ இயக்கம், சாங் காங்-ஹோ நடிப்பு. தொடர்கொலைப் படம்தான். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வி அந்தப் படத்துக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஹ்வாசோங் என்ற கிராமப்புறப் பகுதியில் 1986 முதல் 1991 வரை உண்மையில் நடந்த பத்துக் கொலைகள்தான் பின்னணி. படத்தில் ஆரம்பத்திலேயே ஒரு இடம் வரும். கொலை நடந்த வயலோரம் ஒரு காலடித் தடம் கிடைக்கிறது. அதைக் காப்பாற்ற இன்ஸ்பெக்டர் கத்திக்கொண்டே இருக்கிறார், ஒரு டிராக்டர் அதன்மேல் ஏறிப் போய்விடுகிறது. அந்தக் காலத்து அந்த ஊர்ப் போலீஸ் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம். ஆளைப் பார்த்தாலே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்புகிற உள்ளூர்க்காரர் ஒருவர், கோப்புகள் பொய் சொல்லாது என்று நம்புகிற சோல் நகரத்துக்காரர் ஒருவர். படம் போகப் போக இருவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.


கொடைரோடு:

இந்த இரட்டைப் போலீஸ் என்றதும் 'போர் தொழில்' சொல்லியே ஆக வேண்டும். 2023-இல் விக்னேஷ் ராஜா எடுத்தது. அனுபவத்தை நம்புகிற சரத்குமார், படித்ததை நம்புகிற அசோக் செல்வன். திருச்சியில் நடக்கிற கதை. ரொம்ப நாளைக்குப் பிறகு சரத்குமாரை இவ்வளவு அடக்கமாகப் பார்த்தேன். நடிகர் சரத்பாபு அவர்கள் படம் வருவதற்கு இரண்டரை வாரம் முன்னால்தான் காலமானார். அவர் இதில் செய்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் கதை உடைந்துவிடும். டீச்சர், இதையும் பட்டியலில் வையுங்கள்.

ஹ்வாசோங் பற்றி இன்னொன்று. படம் வந்தபோது கொலைகாரன் யார் என்று யாருக்கும் தெரியாது. 2019-இல்தான் பழைய தடயங்களின் டி.என்.ஏ. ஒரு ஆளோடு பொருந்தியது. வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே பூசானில் ஆயுள் கைதியாக இருந்தான். வழக்குத் தொடரும் கால வரம்பு 2006-இலேயே முடிந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்கு அவனைத் தண்டிக்க முடியவில்லை. இதைவிடக் கொடுமை, அதில் எட்டாவது கொலையைச் செய்ததாக ஒரு அப்பாவியை அடித்து ஒப்புக்கொள்ள வைத்து ஏறக்குறைய இருபது வருஷம் சிறையில் வைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவர் நிரபராதி என்று சொன்னது. படத்தில் போலீஸ்காரர்கள் சந்தேகப்படுகிறவர்களை மிதிக்கும் காட்சிகள் வரும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.


வைகைக்கரை:

இருபது வருஷமா? படிக்கும்போதே வயிறு கலங்குகிறது.


மூவியோலா:

வலி என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில், காரைப் பறக்க விட்டு உருட்டும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்துபோனார். அந்த வீடியோவை நிறையப் பேர் அனுப்பினார்கள். நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

நான் வேலை செய்த நாட்களில் ஃபைட்டர்கள் எங்கள் அறைக்கு வருவார்கள். தாங்கள் விழுந்த ஷாட் படத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். கயிறு கட்டி இழுத்து, இருபதடி தூரம் போய், அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் முதுகு பட விழுந்திருப்பார். அந்த ஷாட்டை நீளம் என்று நாங்கள் வெட்டியிருப்போம். முகம் வாடிவிடும், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் மட்டும் ஒருமுறை கேட்டார், சார் அந்த விழுகிற இடத்தில் என் முகம் ஒரு நொடி தெரிகிற மாதிரி வையுங்கள், பசங்களுக்குக் காட்டணும் என்று. வைத்தேன். எடிட்டரிடம் திட்டு வாங்கினாலும் வைத்தேன்.

ஆஸ்கரிலேயே ஸ்டண்ட் வடிவமைப்புக்கு 2028 விழாவில்தான் முதன்முதலாக விருது கொடுக்கப் போகிறார்கள், 2027-இல் வரும் படங்களுக்கு. நம் தேசிய விருதில் அந்தப் பிரிவு இப்போதே இருக்கிறது. 'கைதி' சண்டைகளை அமைத்த அன்பறிவ் சகோதரர்களே 'கே.ஜி.எஃப்.' படங்களுக்காக வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சண்டையை அமைக்கும் மாஸ்டருக்குக் கிடைக்கிற பெயர் விழுகிறவருக்குக் கிடைப்பதில்லை. அடுத்த முறை படம் முடிந்ததும் எழுந்து போகாமல் ஓடுகிற பெயர்களில் ஃபைட்டர்கள் பெயர் வரும் வரை இருந்து பாருங்கள்.


சிலம்பம்85:

மூவியோலா, அந்த முகத்தை வைத்தீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. என்னிடம் படித்த இரண்டு பையன்கள் இப்போது ஃபைட்டர் வேலைக்குப் போகிறார்கள். படப்பிடிப்பு என்று கிளம்பினால் ராத்திரி போன் வரும் வரை எனக்குத் தூக்கம் வராது.


வைகைக்கரை:

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'விக்ரம்' மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் நாள் விசில் அடித்த இடமெல்லாம் இப்போதும் பிடித்தது, அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் இந்த முறை என்னை உட்கார வைத்தது ஏஜென்ட் டீனாதான். அதுவரை வீட்டு வேலை செய்கிற அம்மாவாக ஓரத்தில் நின்றவர், திடீரென்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து மோதுகிறார். நடித்த வசந்தி அவர்கள் நடனத் துறையில் பல வருஷம் பின்னால் நின்று வேலை செய்தவர். அவர் ஒவ்வொரு அடி வாங்கும்போதும், தான் பாதுகாக்கும் குழந்தைக்காக வாங்குகிறார் என்று தெரிகிறது. பிழைக்கவும் இல்லை.

அன்றைக்குத் தியேட்டரில் அதிகக் கைதட்டல் அவருக்குத்தான். அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். எனக்கு அடி வலித்தது டீனாவுக்கு விழுந்தபோது.


மாலைக்காட்சி:

தம்பி, இந்தப் பதில் எனக்கு வந்திருக்க வேண்டியது. அருமை.


நிழல்நதி:

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பார்த்துவிட்டேன். ஞாயிறு மதியம், வெளிச்சம் இருக்கும்போதே. இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தேன். பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.

அதில் பள்ளி மாணவி ஒருத்தி வருகிறாள். சோலிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் விசாரணைக்குப் பள்ளிக்குப் போகும்போது அவளோடு பேசுகிறார். அவள் முதுகில் இருக்கும் காயத்துக்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறார். சின்னக் காட்சி, கதைக்கு அது எதற்கு என்றே அப்போது தெரியவில்லை. கடைசியில் மழையில் ஒரு உடல் கிடைக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார். அந்தப் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது.

அத்தனை நேரம் கோப்பு, தடயம், சான்று என்று பேசிய மனிதர் அந்த இடத்தில் உடைந்துபோகிறார். நானும்தான். நான் கேட்ட இரண்டு நிமிடக் கதை ஒரு பிளாஸ்திரியில் இருந்தது. அவளை எனக்குத் தெரிந்துவிட்டது. மாலைக்காட்சி, நீங்கள் சொன்னது சரி.

போலீஸ்காரர்கள் அடிக்கும் காட்சிகளில் சிரிப்பு மூட்டுவது போன்ற தொனி இருக்கிறது, அது எனக்கு ஒப்பவில்லை. போலீஸ் சந்தேகப்பட்டுப் பிடிக்கும் மனவளர்ச்சி குன்றிய பையனுக்கு நேர்வதைப் பார்த்த பிறகு, முன்னால் சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். அதற்காகத்தான் இயக்குநர் அப்படி எடுத்தாரோ என்னவோ.

முடிவில் பல வருஷம் கழித்து அந்த உள்ளூர்ப் போலீஸ்காரர் முதல் உடல் கிடந்த அதே வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறாரே, அங்கே ஒரு சிறுமி வந்து, இன்னொரு ஆளும் இப்படித்தான் வந்து பார்த்தார் என்கிறாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், சாதாரண முகம் என்கிறாள். பிறகு அவர் நம்மைப் பார்க்கிறார். அந்தச் சிறுமிக்கும் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைவிட வயது குறைவு. அவள் அந்த ஆளோடு தனியாக நின்று பேசியிருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த வாரம் 'போர் தொழில்' பார்க்கலாம் என்று இருக்கிறேன். கொடைரோடு தம்பி, அதில் இறந்துபோகும் பெண்களின் பெயர் என்ன?


கொடைரோடு:

டீச்சர், காலையிலிருந்து யோசிக்கிறேன். நாலு முறை பார்த்த படம். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. இன்று ராத்திரி மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.